முதல் நாளே வாட்டி எடுக்காதீர்கள், மாஸ்டர்

ஊர் ஊராக ஜிம் நடத்தும் ஓனர்களுக்கும், காலையும் மாலையும் அங்கே நின்று சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் உங்கள் பேனர்கள் வந்துவிடும். ‘90 நாளில் புது உடம்பு’, ‘ஒரு வருடத்துக்குக் கட்டினால் மூன்று மாதம் இலவசம்’, நடுவில் சட்டை போடாத ஒரு வெளிநாட்டுக்காரர். வியாபாரம் என்றால் அப்படித்தான், அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பேனரைப் பார்த்துவிட்டுப் படியேறி வருகிறவரை முதல் வாரத்தில் என்ன பாடு படுத்துகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். நானும் மதுரையில் ஒரு ஜிம்முக்குப் பல வருடமாகப் போகிற ஆள்தான். தை மாதம் செருப்பு விட இடமில்லாமல் தவிப்பதும், மாசி முடிவதற்குள் அந்த வராந்தா காலியாகிவிடுவதும் வருடா வருடம் நடக்கிறது.

சேருகிறவர் பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவராக இருப்பார். காலேஜில் கபடி ஆடியதோடு சரி, அப்புறம் பதினைந்து இருபது வருடம் பைக், நாற்காலி, கட்டில். சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில் புது ஷூவும் டிராக் பேண்ட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அன்றைக்கு எதைச் சொன்னாலும் செய்வார், அந்த வேகம் அப்படி. நீங்களும் சொல்கிறீர்கள். வார்ம் அப் என்று நூறு ஜம்பிங் ஜாக், குத்தவைத்து எழும் ஸ்குவாட் நாலு செட், லஞ்சஸ், அது போதாதென்று குனிந்து படுத்து எழுந்து குதிக்கும் பர்பீ. ஆள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்து முகம் கழுவிக்கொண்டு வந்தால், ‘இப்பதான் சார் உண்மையிலேயே ஜிம்முக்கு வந்திருக்கீங்க’ என்று முதுகில் ஒரு தட்டு.

மறுநாள் அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்று நீங்கள் பார்ப்பதில்லை. கக்கூஸில் குத்தவைக்க முடியாது, குழாயைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து பாதி தொங்க வேண்டும். ஆபீஸ் மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவார், பின்னால் வருகிறவர்கள் நின்று வழிவிடுவார்கள். சரி, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தால் இரண்டாம் நாள் இன்னும் மோசம். இந்த வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். நீங்கள் சொல்லும் ‘லாக்டிக் ஆசிட்’டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துபோய்விடுகிறது. எடையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது, அதாவது ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது, டம்பெல்லை மெதுவாக இறக்கும்போது, நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் வீக்கமும்தான் காரணம். பழகாத தசைக்கு இது அதிகமாக வரும்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது, அதை ஏன் பயன்படுத்துவதில்லை என்றுதான் புரியவில்லை. அதே பயிற்சியை ஒரு தடவை லேசாகச் செய்துவிட்டால்கூட, அடுத்த தடவை செய்யும்போது வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதாவது முதல் நாள் வெறும் உடம்போடு ஒரு செட் ஸ்குவாட், அதுவும் மூச்சு வாங்குவதற்கு முன்பே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து இரண்டு செட் கொடுத்திருந்தால், மூன்றாவது வாரத்தில் அந்த மனிதர் நாலு செட்டும் போட்டுவிட்டு மாடிப்படியில் நேராக இறங்கிப் போயிருப்பார். வலிச்சாதான் வேலை செய்யுது என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, வலிக்காத நாள் வீண் என்று மெம்பர்களும் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். பி.டி.க்கு, அதாவது பர்சனல் டிரெய்னிங்குக்குத் தனியாகப் பணம் கட்டியவர், வலிக்கவில்லை என்றால் கட்டிய பணம் போச்சு என்று நினைக்கிறார். அந்த அழுத்தம் உங்கள் மேலும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

வெறும் வலியோடு முடிந்தால் பரவாயில்லை. பழகாத உடம்பைப் போட்டு அளவுக்கு மீறிப் பிழிந்தால் தசைநார்கள் மொத்தமாக உடைந்து, அதில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கும் நிலை வரும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும், தொடையோ கையோ வீங்கிக் கல்லாக இறுகும், அப்போது நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், ‘தண்ணி நிறைய குடிங்க சார், சரியாயிடும்’ என்று வாட்ஸ்ஆப்பில் பதில் போடக் கூடாது. இது அடிக்கடி வருவதில்லை, ஆனால் வருகிறவர்களில் முதல் வகுப்பிலேயே சைக்கிளிங்கில் வெறித்தனமாக மிதித்தவர்களும், பந்தயம் கட்டி நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போட்டவர்களும் இருக்கிறார்கள். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி மட்டும் சுற்றும் ஹாலில் இந்த ஆபத்து இன்னும் ஏறும்.

நெஞ்சு விஷயமும் உண்டு. ஜிம்மில் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தால் ஒரு வாரம் எல்லோரும் ஜிம்மையே திட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களிடம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவைகூட உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு, உடம்பைக் கடுமையாக வருத்திய அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட 107 மடங்கு இருந்தது. வாரம் ஐந்து தடவையோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்கு 2.4 மடங்குதான். 107 என்றதும் பதற வேண்டாம், ஒரு குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகமிகச் சிறியது, அதை 107-ஆல் பெருக்கினாலும் சிறியதுதான். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். கடுமையைத் தாங்கும் உடம்பைத் தருவதே தொடர்ந்து வருகிற வழக்கம்தான். நீங்கள் அந்தக் கடுமையை, வழக்கமே இல்லாத ஆளிடம் முதல் நாளே கேட்கிறீர்கள்.

உடனே ஒருவர் சொல்வார், ‘அப்போ கஷ்டமே படக் கூடாதா, ட்ரெட்மில்லில் போன் பார்த்துக்கொண்டே நடந்தால் உடம்பு வந்துவிடுமா?’ வராது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏதோ சோம்பேறிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடும். ராபர்ட் ஹிக்ஸன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் செய்த சோதனைகள் இந்தத் துறையில் பிரசித்தம். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம், 10 வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார். அதன் பிறகு சிலருக்கு 4 நாள், சிலருக்கு 2 நாள் என்று குறைத்து 15 வாரம் பார்த்தார். கடுமை குறையாதவரை, உடம்பு உறிஞ்சும் ஆக்சிஜனின் உச்ச அளவு பெரிதாக இறங்கவில்லை. நாளையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கடுமையை மட்டும் குறைத்துப் பார்த்தபோது இறங்கியது. ஆகவே கடுமைக்கு அதன் வேலை உண்டு. ஒருவர் ஆறு மாதம் வந்து பழகிவிட்டார் என்றால் அவரை விரட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். வருட ஆரம்பத்தில் தூக்கிய அதே 5 கிலோவை வருடக் கடைசியிலும் தூக்கிக்கொண்டிருப்பவரைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் உங்கள் தப்புதான்.

டபாட்டா என்று நீங்கள் ஒரு வகுப்பு நடத்துகிறீர்களே, அதன் கதையையும் கேளுங்கள். 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதித்து 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. ஜப்பானில் ஸ்பீடு ஸ்கேட்டிங் அணியின் கோச் கொடுத்துவந்த பயிற்சி அது, அதைச் சோதித்து 1996-ல் எழுதியவர் இசுமி டபாட்டா. அந்தச் சோதனையில் பங்கெடுத்தவர்கள் ஏற்கெனவே உடம்பு தேறியிருந்த இளைஞர்கள், பெரும்பாலும் உடற்கல்வி மாணவர்கள். அவர்கள் 6 வாரம், வாரத்துக்கு 5 நாள் வந்தார்கள். நாலு நிமிடத்தில் மாயம் நடக்கிறது என்று விற்கிறவர்கள் இந்த 5 நாளைச் சொல்வதில்லை. உலக அளவில் ஓடுகிறவர்கள், படகு வலிக்கிறவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று நார்வேயில் இருந்துகொண்டு பல வருடம் கவனித்தவர் ஸ்டீபன் செய்லர். அவர்களுடைய பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் பேசிக்கொண்டே செய்யக்கூடிய லேசான பயிற்சி, மிச்சம் 20 தான் கடுமையானது. பதக்கம் வாங்குகிறவனே பத்தில் எட்டு நாள் மெதுவாக ஓடுகிறான், கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவரை நீங்கள் தினமும் சாகடிக்கிறீர்கள்.

சரி, ஓனர்களுக்கு வருகிறேன், கணக்கு பேசினால்தான் உங்களுக்குக் காது கேட்கும். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 மெம்பர்களை மூன்று வருடம் கணக்கெடுத்து 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருந்தார்கள், அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல். பத்து வருகைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். வராதவன் காசில்தான் ஜிம் ஓடுகிறது என்று நீங்களும் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பீர்கள், கட்டியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்தால் உங்கள் ஹாலில் நிற்க இடம் இருக்காது என்பதும் தெரியும். ஆனால் அங்கே மாதா மாதம் கார்டிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும், நிறுத்தப் பலருக்குச் சோம்பல். இங்கே பெரும்பாலான ஜிம்களில் ஒவ்வொரு தடவையும் ஆள் நேரில் வந்து நோட்டை நீட்ட வேண்டும், இல்லை ஜிபே பண்ண வேண்டும். மூன்றாம் வாரம் காணாமல் போனவர் மறுபடி பணம் கட்டப்போவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘அந்தப் பக்கமே போயிடாதீங்க, முட்டி போயிடும்’ என்றும் சொல்வார். வருடச் சந்தா வாங்கிக்கொண்டவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்கலாம், அடுத்த வருடத்து ரின்யூவலை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஜிம்மில் ஓர் அக்கா வருவார். மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவர், காலை வியாபாரம் ஒன்பதரைக்கு ஓய்ந்த பிறகு பதினொரு மணி லேடீஸ் பேட்ச்சுக்கு வந்துவிடுவார். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, சின்ன டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஸ்குவாட். யாரும் அவரை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டதில்லை, எடுக்கும்படியாக அவர் எதையும் செய்ததும் இல்லை. எண்ணிக்கை கூடும், சில வாரம் கழித்து டம்பெல் அடுத்த சைஸுக்கு மாறும், அவ்வளவுதான். இப்போது 30 கிலோ கிரைண்டர் கல்லைப் பையன் வரும்வரை காத்திருக்காமல் அவரே தூக்கிக் கழுவுவதாகச் சொன்னார். போன வருடம் அந்தப் பதினொரு மணி பேட்ச்சை, ஆள் குறைவு, கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்று ஓனர் நிறுத்திவிட்டார். இருந்தது நாலைந்து பெண்கள்தான், உண்மை. ஆனால் மழையோ வெயிலோ தவறாமல் வந்த நாலைந்து பேர் அவர்கள். மாலை ஏழு மணிக்கு வாருங்கள் என்றால் அந்த நேரம் சாயங்கால மாவு வியாபாரம், அவரால் எப்படி வர முடியும்? அதே மாதம் தரையில் ஓங்கி அடிக்கும் தடித்த கயிறுகளும் டயரும் வாங்கிப் போட்டார்கள், ‘ஹை இன்டென்சிட்டி ஜோன்’ என்று சுவரில் பெயிண்ட் அடித்தார்கள். இன்றைக்கு அந்த டயர் மேல் பசங்கள் பை வைக்கிறார்கள்.

இன்னொன்று, இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு வருகிறவரை நீங்கள் வரவேற்கும் விதம். ‘என்ன சார், ஆளையே காணோம், தொப்பை திரும்பி வந்துடுச்சு போல’ என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி ஒரு கிண்டல், அப்புறம் விட்டதுக்கும் சேர்த்து டபுள் செட். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் யார் ஒழுங்காக ஜிம்முக்கு வர முடியும்? மார்ச் கடைசியில் பேங்க்காரர் எப்படி வருவார்? வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால்? விட்டுப்போவது நடக்கத்தான் செய்யும். லண்டனில் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். நடுமட்டமாக 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். 21 நாள் என்று பேனரில் போடுகிறீர்களே, அதையும் இத்துடன் எடுத்துவிடலாம். முக்கியமாக, இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று கண்டார்கள்.

2021-ல் வந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாக உதவும். அமெரிக்காவில் ஒரு ஜிம் தொடரின் 61,293 மெம்பர்களிடம், அதிகம் வரவைக்க 54 விதமான வழிகளை நாலு வாரம் சோதித்தார்கள். முதலிடம் பிடித்தது எது தெரியுமா? வருவதாகச் சொன்ன நாளில் வராமல்போனவர், அடுத்த தடவை வந்தால் அவருக்குச் சில காசு மதிப்புள்ள கூடுதல் பாயிண்ட். அவ்வளவுதான். வாராந்திர வருகை 27 சதவீதம் கூடியது. நாலு வாரம் முடிந்த பிறகு பெரும்பாலான வழிகளின் பலன் கரைந்துவிட்டது, அதனால் இதை மந்திரம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் விட்டவர் திரும்பி வரும் அந்த நாளில் நீங்கள் கிண்டல் அடிக்கிறீர்கள், அவர்கள் பாயிண்ட் கொடுத்தார்கள். பாயிண்ட்கூட வேண்டாம், ‘வாங்க சார், இன்னைக்குப் பாதி வெயிட் போதும்’ என்று ஒரு வார்த்தை. இரண்டு மூன்று வாரம் விட்டால் மூச்சுத் திறன் இறங்கும், தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அவர் தூக்கிய எடைக்குச் சீக்கிரமே திரும்பிவிடுவார், அதற்குள் நீங்கள் அவரைத் துரத்தாமல் இருந்தால் சரி.

ஆக, நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், முப்பது நாற்பது நிமிடம், அதுவும் இன்னும் ரெண்டு செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். முதல் சில வாரங்களில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது. எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும், தூக்க முடிகிறதே என்று ஏற்றிக்கொண்டே போனால் முழங்கையும் முட்டியும்தான் முதலில் புகார் சொல்லும். மிச்ச நாளில் வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள், பால் வாங்க பைக் வேண்டாம் என்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சியும்தான். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய கணக்கெடுப்பில், 2014-ல் வெளியான முடிவின்படி, பாதிப் பேருக்கு மேல், 54.4 சதவீதம், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். அவர்களில் ஒருவர் உங்கள் படியேறி வருவதே அபூர்வம், மாஸ்டர்.

பதினொரு மணி பேட்ச்சைப் பற்றி எங்கள் ஓனரிடம் நேரிலும் பேசியிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். மற்றவர்கள், இந்த ஜனவரி பேனரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ரெஜிஸ்டரை எடுத்து, போன ஜனவரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சட்டை போடாத அந்த வெளிநாட்டுக்காரர் படத்துக்குப் பதிலாக அந்த எண்ணைப் போடத் தைரியமுள்ள ஜிம் மதுரையில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், சந்தா முடிந்ததும் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
காலை ஐந்தரை பேட்ச் மெம்பர் ஒருவர்